தவக்காலப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் முடிந்த கையோடு எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்தவர்களுக்கு, வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி கொடுப்போம். தவக்காலம் முழுக்க அதில் சேர்கிற காசு ஏழைகளுக்கும், வளர்ச்சிப் பணிகளுக்கும், நீதிக்கான பணிகளுக்கும் போகிறது. பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு சமூகப்பணிக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அக்கம்பக்கத்து வீட்டார் கூடுகிற அன்பியக் கூட்டங்களுக்கு நான்தான் போகிறேன். போன இடமெல்லாம் அதே கேள்விகள். சிலர் முகத்துக்கு நேராகக் கேட்பார்கள், சிலர் நான் படியிறங்கும்போது காதில் விழுகிற மாதிரிச் சொல்வார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

1. டீச்சர், இந்தப் பெட்டிக் காசு எங்கதான் போகுது?

பங்கில் எண்ணி, பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்துக்குக் கட்டுகிறோம். அங்கே மறைமாவட்டச் சமூகப்பணி மையம் இதைக் கையாள்கிறது. சுயஉதவிக் குழு, கைம்பெண்களுக்கு ஆடு, மழைவெள்ளத்தில் வீடு போனவர்களுக்குத் தார்ப்பாய் என்று ஒரு பகுதி நம் மாவட்டத்துக்குள்ளேயே செலவாகும். இன்னொரு பகுதி காரித்தாஸ் இந்தியாவுக்குப் போகும். பசிக்கும் நோய்க்கும் எதிரான தவக்கால இயக்கம் என்று நாடு முழுவதும் அவர்கள் நடத்துகிற திரட்டல் இது. எந்த விகிதத்தில் பிரிகிறது என்பது மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும்.

2. காரித்தாஸ்னா வெளிநாட்டு கம்பெனியா?

கம்பெனி இல்லை. 'காரித்தாஸ்' என்றால் லத்தீனில் அன்பு. 1897-இல் ஜெர்மனியில் இந்தப் பெயரில் முதல் அமைப்பு உருவானது. பல நாட்டுக் காரித்தாஸ்கள் சேர்ந்து 1951-இல் உலகக் கூட்டமைப்பு ஆயின. காரித்தாஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது, இந்திய ஆயர் பேரவையின் கீழ் இயங்குகிறது. சி.எஸ்.ஐ., லுத்தரன் முதலிய சபையார் சேர்ந்து நடத்தும் காசா என்ற அமைப்பு இதைவிட மூத்தது. 1947-இல், பிரிவினை அகதிகள் வந்து குவிந்த நேரத்தில் பிறந்தது.

வெளிநாட்டில் இருந்தும் உதவி வருவது உண்மை. ஜெர்மனியின் மிசெரெயோர் (1958), 'உலகுக்கு அப்பம்' என்று பொருள்படும் பெயர் கொண்ட புராட்டஸ்டண்டு அமைப்பு (1959), இங்கிலாந்தின் கிறிஸ்டியன் எய்டு எல்லாம் பெரிய பெயர்கள். இதில் ஒன்றைக் கவனியுங்கள். கிறிஸ்டியன் எய்டு 1945-இல் தொடங்கியபோது நமக்கு உதவ வரவில்லை. போரில் நொறுங்கிக் கிடந்த ஐரோப்பாவைத் தூக்கிவிடத்தான் வந்தது. ஜெர்மன்காரர்களும் போருக்குப் பிறகு பிறர் அனுப்பிய உணவுப் பொட்டலங்களில் வயிறு நிரப்பியவர்கள். அடுத்த பதின்மூன்றாம் ஆண்டில் அவர்களே பெட்டி வைத்துக் காசு சேர்த்து வெளியே அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். வாங்கின கைதான் கொடுத்திருக்கிறது.

3. கோயிலுக்கு வேலை பூசை வைக்கிறதுதானே? இதெல்லாம் கவர்மெண்டு பார்க்கட்டுமே?

பூசையில் காணிக்கை எடுக்கிற வழக்கத்தின் வேரே இங்கேதான் இருக்கிறது. கிளவுதியு பேரரசர் காலத்தில் பஞ்சம் வந்தபோது, அந்தியோக்கியாவில் இருந்தவர்கள் தங்களால் முடிந்ததைச் சேர்த்து, பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். திருத்தூதர் பணிகள் 11-ஆம் அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. திருச்சபைக்கு நிலையான கட்டடம் அமைவதற்கு முன்பே நிவாரண நிதி அமைந்துவிட்டது. உடுக்கத் துணியில்லாதவரிடம் "போய் வாருங்கள், குளிர் காய்ந்துகொள்ளுங்கள், பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று யாக்கோபு கேட்பது, எனக்கென்னவோ நம் ஊர்க்காரர் ஒருவர் கேட்கிற மாதிரியே இருக்கும்.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும், சரி. அது செய்யாதபோது கேட்பதும் இந்த வேலையில் சேர்த்திதான். அதை 8-ஆம் கேள்வியில் பார்ப்போம்.

4. "ஏழைகள் எப்பவும் உங்களோட இருப்பாங்க"ன்னு இயேசுவே சொல்லிட்டாரே, அப்புறம் ஏன் மெனக்கெடணும்?

அவர் பாதி வசனம்தான் சொன்னார். கேட்டவர்களுக்கு மீதி மனப்பாடம். இணைச்சட்டம் 15-ஆம் அதிகாரத்தில் (சி.எஸ்.ஐ. வீட்டில் உபாகமம் என்பார்கள்) வருகிறது அது: நாட்டில் ஏழைகள் இல்லாமல் போவதில்லை, ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற. அந்த 'ஆகவே'யைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வசனம் சொல்லக் கூடாது. அதே அதிகாரத்தின் முதல் வரியே கடன் தள்ளுபடி பற்றித்தான். அது பின்னால் வரும்.

5. நாமளே கஷ்டப்படுறோம். நம்ம காசு ஏன் இன்னொருத்தருக்கு?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் கஷ்டப்படாதவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது யாரை முன்மாதிரியாகக் காட்டுகிறார் தெரியுமா? வறுமையின் ஆழத்தில் கிடந்த மாசிதோனியத் திருச்சபைகளை. அவர்களாகவே வந்து, எங்களையும் இந்தத் தொண்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார்களாம். நம் நாட்டிலேயே மிசோரமில் 1910-லிருந்து ஒரு வழக்கம் நடக்கிறது. பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துத் தனியே போடுவார்கள். வாரக் கடைசியில் சபையார் வந்து வாங்கிப் போவார்கள். அந்தப் பிடியரிசியை வைத்தே அந்தச் சபை பெரிய பெரிய பணிகளை நடத்துகிறது. நெல்லைப் பக்கத்துக் கோயில்களிலும் பிடியரிசிக் கலயம் வைத்திருந்த வீடுகள் உண்டு.

எங்கள் அன்பியத்தில் பூக்கட்டுகிற பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் பெட்டியை மூடியோடு ஒட்டிவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஆண்டும் எனக்குச் சொல்லி அனுப்புவார். முழம் பூ விற்ற அன்று சில்லறை போடுவாராம். விற்காத அன்று, அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு மறுநாள் திருப்பிப் போடுவாராம். "எடுத்தது ஒண்ணுகூட பாக்கி இல்ல டீச்சர்" என்று கணக்கு ஒப்பிப்பார். அவரிடம் உங்களுக்கே கஷ்டமாச்சே பாட்டி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். முறைத்தார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

6. கணக்கு காட்டுறீங்களா இல்லையா?

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்காதவர்கள்மேல்தான் எனக்கு வருத்தம். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு, எல்லாச் சபைகளும் மதிக்கிற இன்னும் இருவரைச் சேர்த்து அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் எங்களைக் குறை சொல்லிவிடக் கூடாது, கடவுள் முன்னால் மட்டுமல்ல, மனிதர் முன்னாலும் சரியாக இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது என்றால் நம் பங்குப் பேரவைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் பங்கில் பாஸ்கா முடிந்த வாரம் மறைக்கல்வி வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு எண்ணுவோம். ஆறு பேராவது இருப்போம். பெட்டியைக் கவிழ்த்தால் பாதி பத்து ரூபாய் நாணயமாக விழும். பஸ் கண்டக்டரும் பெட்டிக்கடைக்காரரும் வாங்க மறுத்ததெல்லாம் ஏசுவுக்கு வந்து சேர்ந்திருக்கும். செல்லாத பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டும் ஒரு ஆண்டு வந்தது. எண்ணி முடித்து எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அன்பியவாரியாகத் தொகை எழுதி ஒட்டுவோம். ஒரு ஆண்டு அந்தப் பட்டியலை ஒட்டாமல் விட்டுவிட்டார்கள். ஒட்டவைக்க நான் மூன்று ஞாயிறு நடந்தேன். தப்பு நடக்கவில்லை, சோம்பல்தான். ஆனாலும் அடுத்த ஆண்டு பெட்டிகள் குறைந்தன.

7. வெளிநாட்டுக் காசு மதம் மாத்தத்தானே வருது?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் அல்லாத நம் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்ற பழஞ்சொல் சும்மா வரவில்லை. பஞ்ச காலங்களில் கஞ்சித்தொட்டியும் ஞானஸ்நானமும் அடுத்தடுத்து நின்ற வரலாறு உண்டு. இன்றும் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்தால்தான் உதவிப் பை என்று நடத்துகிற சிலர் இருக்கிறார்கள். அது தவறு.

பெரிய திருச்சபை அமைப்புகளுக்கு இதில் எழுதிய விதி இருக்கிறது. செஞ்சிலுவை இயக்கத்தோடு சேர்ந்து 1994-இல் வெளியான பேரிடர் நிவாரண நடத்தை நெறியைக் கொண்டுவந்தவர்களில் உலகக் காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. உதவி தேவையைப் பார்த்து மட்டுமே போக வேண்டும், மதத்தை வளர்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது அது. திருத்தந்தை (போப்) பதினாறாம் பெனடிக்டும் 2005-இல் எழுதிய சுற்றுமடலில் அன்பு இலவசமானது, வேறு நோக்கத்துக்குக் கருவியாக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் வீடு வாங்கியவர்களிடம் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டதாக நான் பார்க்கவில்லை. நான் அங்கே போய்ப் பாத்திரம் விளக்கியவள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு இன்னும் இறுக்கம். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நிர்வாகச் செலவு முன்பு 50 சதவீதம் வரை போகலாம், இப்போது 20 சதவீதம்தான். சிறிய மையங்கள் பல இதில் மூச்சுத் திணறுகின்றன. உள்ளூர்ப் பெட்டிக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததற்கு இதுவும் காரணம்.

8. தர்மம் பண்ணலாம், சரி. 'நீதி நீதி'ன்னு ஏன் பேசுறீங்க?

பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பத்துக்கு மாதம் பத்துக் கிலோ அரிசி கொடுத்துக்கொண்டிருந்தோம். புருஷன் பெயின்டர். ஒரு வருஷம் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் கந்துவட்டிக்கு வாங்கியிருந்தார். தினமும் சாயங்காலம் வண்டியில் வந்து கூலியில் பாதியை வாங்கிப் போகிறவன் ஒருவன் இருந்தான். அதாவது நாங்கள் கொடுத்த அரிசி சுற்றிவளைத்து வட்டிக்காரனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 2003-லிருந்து அநியாய வட்டி வாங்கத் தடைச்சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் காட்டி, வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசின அன்றுதான் அந்த வீட்டுக்கு அரிசி தேவைப்படாமல் போனது. அரிசி கொடுத்தது தர்மம். வக்கீலோடு போனது நீதி. முதலாவதற்குக் கைதட்டினார்கள். இரண்டாவதற்கு, "டீச்சருக்கு எதுக்கு இந்த வம்பு" என்றார்கள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்தபோது, தாம் பயன்படுத்திய காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் குலுக்கலில் விட்டு தொழுநோயாளர் பணிக்குப் பணம் சேர்த்தார் அன்னை. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அதே பயணத்தில் அவர் நாடுகளிடம் வைத்த வேண்டுகோளை யாரும் சொல்வதில்லை. ஆயுதத்துக்குச் செலவழிப்பதில் ஒரு பகுதியை எடுத்து ஏழை நாடுகளுக்கு உலக நிதியம் ஒன்று வையுங்கள் என்றார். முதலாவது தர்மம், இரண்டாவது நீதி. 1967-இல் மக்களின் முன்னேற்றம் பற்றி அவர் எழுதிய சுற்றுமடலில்தான் வளர்ச்சி என்பது அமைதியின் புதிய பெயர் என்ற வரி வருகிறது. 1971-இல் உலக ஆயர் மாமன்றம், நீதிக்கான செயல்பாடு நற்செய்தி அறிவிப்பின் உள்ளுறுப்பு என்றே எழுதிவிட்டது. ஒட்டிவைத்த பின்னிணைப்பு அல்ல என்று அர்த்தம்.

9. 2000-லயும் 2025-லயும் யூபிலி கொண்டாடினோமே, அதுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்?

நாம் கதவு திறந்தது, திருப்பயணம் போனது எல்லாம் பிற்பாடு வந்தவை. மூலம் லேவியர் 25. ஐம்பதாம் ஆண்டு எக்காளம் ஊத வேண்டும். விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். கடனுக்கு அடிமையானவன் வீட்டுக்குப் போக வேண்டும். நிலத்தின் விலையைக்கூட அடுத்த யூபிலிக்கு எத்தனை விளைச்சல் மிச்சம் என்று பார்த்துத்தான் போட வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கடவுள் கிரயத்தை ஒத்துக்கொள்ளவே இல்லை, ஒத்திக்குத்தான் விட்டார். "நிலம் என்னுடையது" என்கிறார். இது முழுசாக நடந்ததாக விவிலியத்தில் ஒரு காட்சிகூட இல்லை. ஆனாலும் அழியாமல் நின்றது.

1990-களில் இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த மார்ட்டின் டென்ட் என்பவர் இந்த அதிகாரத்தைக் கையில் எடுத்தார். தனி ஆளுக்கு யூபிலி உண்டு என்றால் நாட்டுக்கு ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. ஓய்வுபெற்ற தூதர் பில் பீட்டர்ஸ் சேர்ந்துகொண்டார். கிறிஸ்டியன் எய்டு போன்ற அமைப்புகள் வந்தன. ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொன்ன இந்த இயக்கத்துக்கு 'ஜூபிலி 2000' என்று பெயர். அதற்குள் 1994-லேயே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், 2000-ஆம் ஆண்டை ஏழை நாடுகளின் கடனைக் குறைக்கும் தருணமாக்கலாம் என்று எழுதியிருந்தார்.

1998 மே 16 அன்று பர்மிங்காமில் ஜி-8 எனப்படும் எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். சுமார் 70,000 பேர் வந்து கைகோத்து நகர மையத்தைச் சுற்றி மனிதச் சங்கிலி போட்டார்கள். கோயில் பேருந்துகளில் கட்டுச்சோறோடு வந்த பாட்டிமார் அதில் ஏராளம். அன்றைக்குத் தலைவர்கள் நகரத்தில் இல்லை, ஒதுக்குப்புறமான ஒரு மாளிகைக்குப் போயிருந்தார்கள். பிரதமர் டோனி பிளேர் திரும்பி வந்து இவர்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. உலகம் முழுக்கச் சேர்ந்த கையெழுத்து சுமார் 2 கோடியே 40 லட்சம். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கொலோனில் ஜி-8 இறங்கி வந்து, கடனைக் குறைக்க ஒப்புக்கொண்டது.

10. வாங்குன கடனைக் கட்டாம விடுறது பாவமில்லையா?

கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் பங்கில் சீட்டு நடத்துகிற அம்மா ஒருவர்தான் கேட்டார், அவருக்கு இதன் வலி தெரியும்.

முதலில், கடன் எப்படி வந்தது என்று பாருங்கள். 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. எண்ணெய் நாடுகளின் பணம் மேற்கத்திய வங்கிகளில் குவிந்தது. குவிந்த பணத்தைச் சும்மா வைத்தால் வங்கிக்கு நஷ்டம், அதனால் ஏழை நாடுகளைத் தேடிப் போய்க் குறைந்த வட்டியில் கொடுத்தார்கள். பிறகு அமெரிக்கா விலைவாசியைக் கட்டுப்படுத்த வட்டியை ஏற்றியது. 1981-இல் அது 20 சதவீதத்தை ஒட்டிப் போனது. செம்பு, காப்பி, கொக்கோ விற்றுக் கடன் கட்டிக்கொண்டிருந்த நாடுகளுக்கு அந்தப் பொருள்களின் விலையும் சரிந்தது. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கையை விரித்தது. அதன் பின்னால் வரிசையாகப் பல நாடுகள். வாங்கிய அசலைக் கட்டிய பிறகும் கடன் ஏறிக்கொண்டே இருந்தது. 8-ஆம் பதிலில் சொன்ன பெயின்டர் கணக்குதான், தொகைதான் பெரியது.

இரண்டாவது, யார் வாங்கினார்கள்? பிலிப்பைன்சில் சர்வாதிகாரி மார்கோஸ் காலத்தில் பட்டான் என்ற இடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அணுமின் நிலையம் கட்டினார்கள். அதில் இருந்து ஒரு பல்பு எரிகிற அளவுக்குக்கூட மின்சாரம் வரவில்லை. மார்கோஸ் 1986-இல் நாட்டைவிட்டு ஓடினார். அந்தக் கடனை 2007 வரை மக்கள் வரிப்பணத்தில் கட்டினார்கள். கையெழுத்துப் போட்டவன் ஒருத்தன், கொடுத்தவனுக்கும் தெரியும் அவன் திருடன் என்று. பிறகு பால் பவுடர் வாங்கக் காசில்லாத தாயிடம் வசூல் செய்வது எந்தக் கணக்கில் சேர்த்தி?

நெகேமியா 5-ஆம் அதிகாரத்தைச் சீட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், பிள்ளைகளை அடிமையாக்கக் கொடுத்தவர்கள் வந்து அழுகிறார்கள். நெகேமியா கோபப்பட்டு, பணக்காரர்களைக் கூட்டி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிச் சத்தியம் வாங்குகிறார். கடைசியில் தன் மடியை உதறிக் காட்டி, வாக்குத் தவறுகிறவனைக் கடவுள் இப்படி உதறட்டும் என்கிறார். நானும் கொடுத்திருக்கிறேன், வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்துக்கொள்வதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்த அம்மா கேட்டுவிட்டு, "சரி, ஆனா எல்லாருக்கும் விட்டா சீட்டு நடக்காது டீச்சர்" என்றார். அதுவும் உண்மைதான். அதனால்தான் இயக்கத்தார் எல்லாக் கடனையும் கேட்கவில்லை, கட்டவே முடியாத கடனைத்தான் கேட்டார்கள்.

11. அந்தத் தள்ளுபடியால யாருக்காவது ஏதாவது கிடைச்சுதா, இல்ல அதையும் மந்திரிங்க சாப்பிட்டாங்களா?

கிடைத்தது. மிகவும் கடன்பட்ட ஏழை நாடுகளுக்கான திட்டத்தை உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் 1996-இல் தொடங்கின. கொலோனுக்குப் பிறகு விரிவாக்கினார்கள், 2005-இல் இன்னும் சேர்த்தார்கள். மொத்தம் 37 நாடுகளுக்கு 10,000 கோடி டாலர் அளவுக்குக் கடன் நீங்கியது. சாம்பியா 2006-இல் கிராமப்புற மருத்துவமனைகளில் கட்டணத்தை எடுத்தது. டான்சானியா தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியதும் பிள்ளைகள் வகுப்பு கொள்ளாமல் வந்து நின்றார்கள். மிச்சமாகும் பணத்தை வறுமை ஒழிப்புக்குச் செலவழிக்கத் திட்டம் போட்டுக் காட்டினால்தான் தள்ளுபடி என்ற நிபந்தனையும் இருந்தது.

ஆனால் கடன் கொடுக்கிற முறை மாறவில்லை. அதே சாம்பியா 2020-இல் மறுபடி தவணை தவறியது. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கு ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற உறவுக்காரர்கள் நம்மில் பலருக்கு உண்டு. முன்சொன்ன திட்டத்தில் இலங்கை சேர்ந்திருக்கவில்லை. கடன் கொடுத்தவர்களில் ஒரு பெரிய பங்கு அரசின் கடன் பத்திரங்களை வாங்கிய தனியார், அவர்களோடு பேசி முடிக்கவே 2024 டிசம்பர் ஆனது. இதற்காகத்தான் 2025 யூபிலிக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் மறுபடியும் கடன் மன்னிப்பைக் கேட்டார். உலகக் காரித்தாஸ் இந்த முறை தள்ளுபடியோடு, முறையையே மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்கியது. எங்கள் பங்கிலும் வாங்கினோம். பூசை முடிந்து பிரியாணிப் பொட்டலத்துக்கு நின்ற வரிசையில்தான், உண்மையைச் சொல்கிறேன்.

12. சாமியாருங்க அரசியல் பேசலாமா?

கட்சிக்கு ஓட்டுக் கேட்கக் கூடாது. பங்குத்தந்தை ஒருவர் கேட்டபோது நானே எழுந்து வெளியே போயிருக்கிறேன். ஆனால் பட்டினிக்கு யார் காரணம் என்று கேட்பது அரசியல் என்றால், விவிலிய இறைவாக்கினர்கள் ஆமோசும் மீக்காவும் அரசியல்வாதிகள்தான்.

எல் சால்வதோரில் பேராயர் ரொமேரோ, சொந்த மக்களைக் கொல்லாதீர்கள் என்று படைவீரர்களிடம் மறையுரையில் மன்றாடினார். மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றார்கள். 2018-இல் புனிதர் ஆனார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களின் நிலத்துக்காகவும், விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்த அவர்களின் இளைஞர்களுக்காகவும் பேசியவர். 2020 அக்டோபரில் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் (உபா) கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார், வழக்கு விசாரணைக்கே வரவில்லை. பார்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், காவலில் இருந்தபடியே இறந்தார். அவர் படத்தை எங்கள் அரங்கில் மாட்டலாமா என்று பேரவையில் இரண்டு கூட்டம் விவாதித்தோம். இப்போது மாட்டியிருக்கிறது.

13. கொடுக்கிறவங்க கை எப்பவும் மேலதானே இருக்கும்? திட்டமெல்லாம் அவங்க சொல்றபடிதானே?

பல நேரம் அப்படித்தான். நிதி தருபவர்களுக்கு ஏற்ற மாதிரித் திட்டம் எழுதுவது இங்கே தனித் தொழிலாகவே ஆகிவிட்டது. ஊருக்குக் குடிநீர் தேவை, வந்து இறங்குவது பயிற்சி வகுப்பு.

தூத்துக்குடிப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா இதை 1910-லேயே மேடையில் சொன்னார். எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு, கூட்டத்தில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே எரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று முடித்தார். சிலருக்குக் கோபம் வந்தது. இரண்டே ஆண்டில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் ஆனார். நம் பெட்டிக்கும் இது பொருந்தும். நாம் ஆடு வாங்கிக் கொடுக்கிற கைம்பெண்ணிடம், ஆடுதான் வேண்டுமா என்று முதலில் கேட்டோமா?

14. ஊருக்கெல்லாம் நீதி சொல்றீங்க, நம்ம கல்லறைத் தோட்டத்துல நிக்கிற சுவரை எப்ப இடிப்பீங்க?

இதைக் கேட்டது கல்லூரிப் பையன். கூட்டத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் சாதிக்கொரு பக்கமாகப் புதைக்கிற கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. தேர் சில தெருவுக்குள் திரும்பாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையைத் தரவில்லை. சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்தார்கள், இவர்களை இன்றுவரை இல்லை. அந்த ஆணை வந்த ஆகஸ்ட் 10-ஐ ஆண்டுதோறும் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அரசிடம் கேட்பது சரி. அதே நாளில் கறுப்புப் பட்டை கட்டிய கையோடு தன் சாதிக் கல்லறைச் சாவியை இடுப்பில் செருகியிருந்தவரையும் பார்த்திருக்கிறேன். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு அதைப் பாவம் என்றே எழுதியிருக்கிறது. எழுதியது டெல்லியில். சுவர் நிற்பது இங்கே.

அந்தப் பையனுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இப்போது அவனும் சமூகப்பணிக் குழுவில் இருக்கிறான். சுவர் பற்றிய மனுவில் இதுவரை முப்பத்தொரு கையெழுத்து விழுந்திருக்கிறது. 11-ஆம் பதிலில் சொன்ன பிரியாணி வரிசையில் நின்று கடன் மனுவில் கையெழுத்திட்டவர்கள் இருநூறுக்கு மேல்.

15. சரி டீச்சர், பெட்டியில எவ்வளவு போடணும்?

அளவு கிடையாது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருப்பதால் மிச்சமாகிற மீன்காசு, டீக்காசு என்று போடுபவர்கள் உண்டு. பிள்ளைகள் கையால் போடச் சொல்லுங்கள். குருத்து ஞாயிறு அன்று காணிக்கை நேரத்தில் கொண்டுவந்தால் போதும், வர முடியாதவர்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுத்து, பெட்டியின்மேல் இருக்கும் எண்ணைச் சீட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் நாணயம் தாராளமாகப் போடலாம், பேங்கில் வாங்குகிறார்கள்.